எண்டர்பிரைஸ்-டி இப்படியா சாக வேண்டும்? (எல்லாத் தொடர்களின் முடிவும் உள்ளே உடைக்கப்படும், பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்)

அரைத்தூக்கம் எழுதியது:

அக்கா பையனுக்கு 14 வயது. போன வருடம் லீவில் வந்தவனைச் சும்மா உட்கார வைத்து ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் போட்டுக் காட்டினேன். எண்டர்பிரைஸ்-டி என்பது அந்தத் தொடரின் நாயகக் கப்பல். அப்படியே ஒட்டிக்கொண்டான். வாராவாரம் வீடியோ காலில் பேசிப் பேசி 7 சீசனையும் முடித்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்திருந்தான், சரி, படத்தையும் பார்த்துவிடுவோம் என்று 1994-இல் வந்த ஜெனரேஷன்ஸைப் போட்டேன். போட்டது என் தப்பு.

கப்பல் விழுகிற இடம் வந்தது. உங்களுக்குத் தெரியும், டுராஸ் சகோதரிகள் என்ற இரண்டு வில்லிகள் ஒரு பழைய கிளிங்கான் கப்பலில் வருகிறார்கள் (கிளிங்கான் என்பது சண்டைக்கார வேற்றுக்கிரக இனம்). குறையுள்ள பாகங்கள் இருக்கிறது என்று கிளிங்கான்காரர்களே ஒதுக்கிவைத்த ரகம், அதை எண்டர்பிரைஸில் வேலை பார்க்கும் கிளிங்கான் வோர்ஃபே வாய்விட்டுச் சொல்கிறார். எண்டர்பிரைஸின் பொறியாளர் ஜோர்டியின் கண் கருவி வழியாக ஒட்டுப்பார்த்துக் கேடயத்தின் அலைவரிசையைத் தெரிந்துகொண்டு அடிக்கிறார்கள், அடி நேராக உள்ளே இறங்குகிறது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "மாமா, அந்த இயந்திர மனுஷங்க போர்க் வந்தப்போ கேடயத்தோட அலைவரிசையை மாத்திக்கிட்டே இருந்தாங்களே, இப்ப ஏன் மாத்தல?" என்னிடம் பதில் இல்லை. 30 வருடமாக இல்லை. எத்தனையோ எதிரிகளைத் தாண்டிய கப்பல், கடைசியில் ஓட்டைப் படகில் வந்த இரண்டு பேர் கையில் போனது. கேப்டன் பிகார்ட் கப்பலில்கூட இல்லை, கீழே கிரகத்தில் ஒரு கிறுக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். இந்த நீளத் தொடர்காரர்கள் கதாநாயகக் கப்பலை ஏன் கொல்கிறார்கள்? கதைக்குத் தேவைப்பட்டா, இல்லை வேறு காரணமா? ஒழுங்காகச் செத்த கப்பல் என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

பழையதுருப்பு எழுதியது:

தம்பி, வேறு காரணம்தான். டி என்பது பழைய சதுர டிவிப் பெட்டிக்கு வரைந்த கப்பல். முன்பக்கம் பெரிய அகல வட்டத் தட்டு, குட்டைக் கழுத்து. டிவியில் கம்பீரமாக இருக்கும், சினிமாவின் நீளத்திரையில் முன்னாலிருந்து பார்த்தால் தோசைக்கல் மாதிரி. தயாரிப்பாளர்களுக்குப் படங்களுக்கென்று நீளமாக, ஒல்லியாக ஒரு புதுக் கப்பல் தேவைப்பட்டது, இரண்டே வருடத்தில் ஃபர்ஸ்ட் காண்டாக்டில் எண்டர்பிரைஸ்-ஈ வந்து நின்றது. பழைய வீட்டை இடித்தால்தானே புது வீடு கட்ட முடியும். இடிப்பது என்று முடிவு செய்தபிறகு, யார் இடித்தது என்பதைக் கடைசியில் யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் பையன் கேள்விக்குப் பதில் இல்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல்: அந்தக் கிளிங்கான் கப்பல் வெடிக்கிற காட்சி புதிதாக எடுத்ததே இல்லை. 1991-இல் வந்த ஆறாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் வில்லன் ஜெனரல் சாங்கின் கப்பல் வெடித்த அதே துண்டு. ஏழு வருடம் ஓடிய நாயகனைக் கொன்ற வில்லனுக்கு ஒரு புது வெடி வாங்கக்கூடக் காசு செலவழிக்கவில்லை! ஆனால் ஒன்று, தட்டு காட்டில் இறங்கிச் சறுக்குகிற இடம் மட்டும் அசல். பெரிய மாடல் செய்து, வெளியில் செயற்கைக் காடு அமைத்து, அதன் மேல் இழுத்து எடுத்தார்கள். மரம் முறிகிற எடை கண்ணில் தெரியும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒழுங்காகச் செத்தது எது என்றால், 1984, மூன்றாவது படம், முதல் எண்டர்பிரைஸ். அங்கே கப்பலை எதிரி அழிக்கவில்லை. கேப்டன் கர்க், அவருடைய ஆட்கள் ஸ்காட்டி, செகாவ் மூன்று பேரும் வரிசையாக நின்று சங்கேத எண்ணைச் சொல்லி அவர்களே தீ வைக்கிறார்கள். நண்பன் ஸ்பாக்கைத் தேடிப்போக ஸ்டார்ஃபிளீட் என்ற சொந்தக் கப்பற்படையிடமிருந்தே திருடிக்கொண்டு வந்த கப்பல் அது, ஏற்கெனவே பாதி உடைந்தது. தட்டின் மேல் இருக்கிற எண் எரிந்து உள்ளே அமிழும், அப்புறம் மொத்தமும் எரிநட்சத்திரமாகக் கீழே போகும், கர்க் மலை மேல் நின்று அதைப் பார்ப்பார். நண்பனுக்காக மகனையும் கொடுத்தார், கப்பலையும் கொடுத்தார். விலை என்றால் அது விலை.

அதிலும் புண்ணியவான்கள் டிரெய்லரிலேயே கப்பல் வெடிப்பதைக் காட்டிவிட்டார்கள் என்பது தனிக்கதை. படத்தில் ஒரு அட்மிரல் அந்தக் கப்பலுக்கு 20 வயது என்று சொல்லிவிட்டார், அப்படியானால் கர்க்குக்கு முன் கேப்டன் பைக் என்பவர் அந்தக் கப்பலை ஓட்டிய காலம் எங்கே போனது என்று இன்றுவரை சண்டை.

நான் எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரைப் பார்த்த ஆள். எங்கள் வீட்டில் கருப்பு வெள்ளைப் பெட்டி. யார் சிவப்புச் சட்டை (தொடரில் வழக்கமாகச் சாகிறவர்கள் அவர்கள்தான்) என்றே தெரியாது, அதனால் யார் சாகப்போகிறார்கள் என்பது எங்களுக்கு மட்டும் கடைசிவரை சஸ்பென்ஸ்.

துருப்பிடித்த_ஆணி எழுதியது:

துருப்பு அண்ணன் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. படக் கம்பெனிக்குப் புதுக் கப்பல் தேவைப்பட்டது சரி. ஆனால் அதே கம்பெனி அதே காரணத்துக்கு எத்தனையோ கப்பலைக் கொன்றிருக்கிறது, எல்லாம் நம்மை இப்படிக் குத்தவில்லையே. குத்துவதும் குத்தாததும் கதை எழுதுகிறவன் கையில் இருக்கிறது. இதற்கு ஒரே ஆளை வைத்து உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரேஷன்ஸின் திரைக்கதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் ரொனால்ட் டி. மூர். அதாவது டி-யைக் கொன்ற கை. அவர் அப்புறம் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் வேலை பார்த்துவிட்டு, 1999-இல் அடுத்த தொடரான வோயேஜருக்குப் போனார். கொஞ்ச நாளில் மனக்கசப்போடு வெளியே வந்துவிட்டார். வோயேஜரைப் பற்றி அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்: வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளித் தனியாக மாட்டிக்கொண்ட கப்பல், ஒவ்வொரு வாரமும் பளபளவென்று புதுசாக வந்து நிற்கிறதே, இது எப்படி? நியாயம்தானே. முதல் சீசனில் கையில் 38 டார்பிடோ, வேறு கிடைக்காது என்று சொல்கிறார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 38 எப்போதோ தாண்டிவிட்டது, கப்பல் சுட்டுக்கொண்டே இருந்தது. 1997-இல் இயர் ஆஃப் ஹெல் என்று இரண்டு பாகம் வந்தது, அதில் கப்பல் தளம் தளமாக உடைந்து, ஆட்கள் வெளியேறி, கடைசியில் கேப்டன் ஜேன்வே தனியாக நின்று எதிரிக் கப்பல் மேல் மோதுகிறார். அப்படி ஒரு சாவு! அடுத்த நிமிடமே காலம் திரும்பி, ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு சீசன் முழுக்க ஓட வேண்டிய யோசனையாம் அது. வோயேஜர் எத்தனை தடவை செத்தது என்று கணக்கே கிடையாது, ஒரு தடவைகூட நாம் அழவில்லை.

இந்த மனிதர்தான் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவைப் புதிதாக எடுத்தார். 2003 மினிசீரிஸில் கலாக்டிகா என்ற அந்தப் போர்க்கப்பல் அறிமுகமாவதே ஓய்வுபெறும் நாளன்று. அருங்காட்சியகம் ஆக்கப்போகிறார்கள், ஒருபக்க விமான ஓடுதளத்தில் ஏற்கெனவே நினைவுப்பொருள் கடை போட்டாயிற்று. உள்ளே வயர் வைத்த தொலைபேசி, ஒன்றோடொன்று இணைக்காத கம்ப்யூட்டர்கள், ஏனென்றால் கப்பலின் தளபதி, கிழவர் அடாமா நெட்வொர்க்கை உள்ளே விட மாட்டேன் என்று அடம்பிடித்தவர். எதிரி இயந்திர இனமான சைலான்கள் எல்லாக் கப்பல்களையும் வலை வழியாக முடக்கியபோது இது மட்டும் தப்பித்தது. கடைக்குப் போட வேண்டிய பழசு, பழசாக இருந்ததாலேயே பிழைத்தது.

அங்கிருந்து 2009 வரை கப்பல் வாங்கிய அடி ஒன்றுகூடத் துடைக்கப்படவில்லை. நியூ கேப்ரிக்கா என்ற கிரகத்தில் கப்பலை வளிமண்டலத்துக்குள்ளேயே கல் மாதிரிப் போட்டு, எரிந்துகொண்டே விழும்போது விமானங்களை இறக்கிவிட்டு, தரையைத் தொடுவதற்குள் நொடியில் வேறிடத்துக்குத் தாவி மறைவார் அடாமா, பாருங்கள், அந்தக் காட்சியில் வாங்கிய தீக்காயம் அதற்குப்பிறகு வருகிற ஒவ்வொரு எபிசோடிலும் கப்பலின் தோலில் இருக்கும். கடைசி சீசனில் பழுதுபார்க்கும் ஆள் டைரல் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார், எலும்பிலேயே விரிசல். எந்த எதிரியோடு சண்டை போட்டார்களோ அந்த சைலான்களின் பிசினைக் கொண்டே விரிசலுக்குப் பூச்சு பூசுகிறார்கள். அடாமா தன் அறைச் சுவருக்கு வெள்ளையடிக்க முயன்று, முடியாமல், பெயிண்டும் கையுமாகத் தரையில் விழுந்து அழுவார். ஒரு கப்பலுக்காக ஒரு மனிதன் அழுவதை அதைவிடக் கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. கடைசித் தாவலில் முதுகெலும்பு முறிகிறது. அப்புறம் கப்பலோடு இணைக்கப்பட்ட ஆண்டர்ஸ் என்பவர் மொத்தக் கப்பல் கூட்டத்தையும் சூரியனுக்குள் ஓட்டிக்கொண்டு போவார், பின்னணியில் 1978 தொடரின் பழைய இசை.

டி-யை ஒரு மதியத்தில் கொன்றார். கலாக்டிகாவைக் கொல்ல ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சும்மாவந்தேன் எழுதியது:

எல்லாம் சரிதான். ஆனால் அது பொம்மை. மரமும் பிளாஸ்டிக்கும், இப்போதெல்லாம் அதுவும் இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். ஆயிரம் பேர் இருந்த கப்பல் விழுகிறது, உள்ளே அடிபட்டவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நீங்கள் கப்பலுக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள். புரியவில்லை எனக்கு.

ஓரத்துநாற்காலி எழுதியது:

சும்மாவந்தேன், பொம்மை என்று சொல்லிவிட்டீர்கள், சரி, பொம்மையின் கதையையே சொல்கிறேன்.

1964-இல் செய்த முதல் எண்டர்பிரைஸ் மாடல் கிட்டத்தட்ட 11 அடி நீளம். நேரில் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், ஒரு பக்கம்தான் முழுமையாக இருக்கும். இடதுபக்கம் விளக்குகளுக்கான வயர் நுழைகிற இடம், அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது. மூன்று சீசனும் கேமரா பெரும்பாலும் வலதுபக்கத்தையே பார்த்தது. தொடர் நின்றபிறகு 1974-இல் அதை வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல வருடம் எங்கே இருந்தது தெரியுமா? விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், நினைவுப்பொருள் கடைக்குள். ஆணி மேலே சொன்ன கலாக்டிகாவின் கடை கற்பனை, இது நிஜம். டி-ஷர்ட்டும் சாவிக்கொத்தும் விற்கிற இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

நடுவில் 1991-இல் ஒரு தடவை புதுப்பித்தார்கள். அப்போது உடம்பெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடும் அழுக்குச் சாயலும் பூசிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நல்லவேளை, தட்டின் மேல்பக்கத்து வண்ணத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 2014-இல் கடையிலிருந்து எடுத்து, அந்த மிச்சப் பூச்சை அளவுகோலாக வைத்து மற்ற இடங்களுக்கு நிறம் சேர்த்து, 2016-இல் மேலே முதன்மைக் கூடத்தில் வைத்தார்கள். அதாவது நிஜமாகவே பறந்தவைகளுக்கு நடுவில்.

அதற்கு முன்னால் செய்த 3 அடிச் சின்ன மாடல் ஒன்று உண்டு. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பரியின் மேஜையில் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் யாருக்கோ இரவல் கொடுத்தார், திரும்பி வரவே இல்லை. 2023-இல் ஈபேயில் 1,000 டாலர் ஆரம்ப விலையில் யாரோ போட்டிருந்தார்கள். ரசிகர்கள் படத்தைப் பார்த்தே அடையாளம் கண்டு கூச்சல் போட, 2024-இல் மகன் ராட் கைக்கு வந்து சேர்ந்தது. இரவல் கொடுத்த புத்தகமே திரும்பாத உலகத்தில் இது பெரிய விஷயம்.

நீங்கள் அழும் எண்டர்பிரைஸ்-டி-யின் 6 அடி மாடல் 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5,76,000 டாலருக்குப் போனது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பொம்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பழையதுருப்பு எழுதியது:

ஆணி, கலாக்டிகா விஷயத்தில் சரண்டர். ஆனால் மூர் டி-யை "ஒரு மதியத்தில்" கொன்றார் என்பதில் சின்னத் திருத்தம். 1990-இல் யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ் என்ற நெக்ஸ்ட் ஜெனரேஷன் எபிசோடை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அதில் டி-க்கு முந்திய கப்பலான எண்டர்பிரைஸ்-சி, சாவதற்கென்றே தன் காலத்துக்குத் திரும்பிப் போகிறது. நரேந்திரா 3 என்ற கிளிங்கான் தளத்தைக் காப்பாற்ற ரோமுலன்களோடு சண்டை போட்டு அழிந்தால்தான் பின்னால் பெரிய போர் வராது, அழிவது உறுதி, தெரிந்தே திரும்புகிறார்கள். ஒரே ஒரு எபிசோடு வந்த கப்பல், 45 நிமிடம். எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். ஆக வருடக்கணக்கு முக்கியம் இல்லை, எதற்காகச் செத்தது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். டி எதற்காகச் செத்தது? சொல்லுங்கள் பார்ப்போம்.

லண்டன்மழை எழுதியது:

அமெரிக்கத் தொடர்களையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், பிபிசியின் பிளேக்ஸ் செவனை ஒருவரும் தொடவில்லையே. லிபரேட்டர் என்று ஒரு கப்பல். 1980, மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு. கப்பலை நடத்தும் ஏவான் ஒரு ரகசிய இடத்துக்கு அவசரமாகப் போகிறான். வழியில் ஏதோ துகள் மேகம். சுற்றிப் போகலாம் என்று கப்பலின் கம்ப்யூட்டர் ஜென் சொல்கிறது, இவன் கேட்கவில்லை, நேராக விடு என்கிறான். அந்தத் துகள் கப்பலை அரிக்க ஆரம்பிக்கிறது. வெடி இல்லை, சண்டை இல்லை. சுவரெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று வழிகிறது, மழைக்காலத்தில் மறந்துபோன ரொட்டிப் பாக்கெட் மாதிரி. மூன்று சீசனாக உணர்ச்சியே இல்லாமல் தகவல் சொன்ன ஜென், சாகும்போதுதான் முதல்முறையாகத் தன்னை "நான்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறது. தப்பு செய்தவன் ஏவான், மன்னிப்புக் கேட்டது கப்பல்.

அதைவிட வேடிக்கை, வில்லி சர்வலான் அதே கப்பலை ஆசை ஆசையாகப் பிடுங்கிக்கொண்டு முழு வேகத்தில் கிளப்புவாள், அப்போதுதான் அது சிதறும். தொடர் அத்தோடு முடிகிறது என்றுதான் எடுத்தவர்களே நினைத்திருந்தார்கள். கடைசிப் பெயர்கள் ஓடும்போது மறுபடி வரும் என்று அறிவிப்புச் செய்துவிட்டார்கள். கையில் கப்பலே இல்லை! நாலாவது சீசனுக்கு ஸ்கார்ப்பியோ என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார்கள், கடைசியில் அதையும் இடித்தார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்புறம் பாபிலோன் 5. கப்பல் இல்லை, நிலையம், தெரியும், விதியைத் தளர்த்துங்கள். கடைசி எபிசோடில் யாரும் தாக்கவில்லை, வயதாகிவிட்டது, தேவை முடிந்துவிட்டது, வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார்கள். எல்லோரும் வெளியேறியபின் ஒரு பராமரிப்பு ஊழியர் வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போவார். அந்த ஊழியராக நடித்தது தொடரை உருவாக்கி, பெரும்பகுதியை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியே. கடையை அடைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. ஆணியின் பட்டியலில் இதற்கு இடம் உண்டா இல்லையா?

துருப்பிடித்த_ஆணி எழுதியது:

உண்டு. விளக்கு அணைக்கிற இடத்துக்காகவே உண்டு.

துருப்பு அண்ணன் கேட்டதற்கு: டி எதற்காகச் செத்தது என்றால், எண்டர்பிரைஸ்-ஈ-க்காக. ஒரு வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டீப் ஸ்பேஸ் நைனின் கப்பல் டிஃபையண்ட் அதைவிட மோசம், 1999-இல் பிரீன்கள் என்ற எதிரிகள் அழித்தார்கள், நாலைந்து எபிசோடில் அதே ரகத்தில் இன்னொரு கப்பலைக் கொடுத்து, அதற்கும் டிஃபையண்ட் என்றே பெயர் மாற்றினார்கள். பழைய சண்டைக் காட்சிகளை மறுபடி ஓட்ட வசதியாகப் போயிற்று.

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. ஞாயிறு ராத்திரி பையன் முகத்தைப் பார்க்க முடியாமல், 'பிகார்ட்' என்ற பின்னாளைய தொடரின் மூன்றாவது சீசனின் கடைசி இரண்டு எபிசோடை மட்டும் போட்டுக் காட்டினேன், 2023-இல் வந்தது. விழுந்த தட்டை மீட்டு, வேறொரு கப்பலின் பின்பகுதியைச் சேர்த்து, ஜோர்டி அருங்காட்சியகத்தில் 20 வருடமாகச் சத்தமில்லாமல் ஒட்டவைத்திருக்கிறார். கதவு திறந்து விளக்கு எரிகிறது. பழைய தொடரில் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்த, மறைந்த மேஜல் பேரட்டின் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசுகிறது. பிகார்ட் இருக்கிற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தரைக் கம்பளத்தைத்தான் ரொம்பத் தேடினேன் என்கிறார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. செத்ததைத் திரும்பக் கொண்டுவருவது ஏமாற்று வேலை என்று மூளைக்குத் தெரியும்.

அதிலும் கவனியுங்கள், மொத்தக் கப்பற்படையும் ஒரே வலையில் இணைந்து எதிரி கையில் போய்விட்டது, டி பழசு, வலையில் இல்லை, அதனால் தப்பித்தது. ஆணி எழுதியதைப் படித்தபிறகுதான் இது எங்கேயோ கேட்ட கதை என்று உறைத்தது.

துருப்பிடித்த_ஆணி எழுதியது:

ஹாஹா. நான் எதுவும் சொல்லவில்லை. பையனுக்கு அடுத்து கலாக்டிகாவைப் போடுங்கள், ஆனால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடாதீர்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

நேற்றே மினிசீரிஸ் ஆரம்பித்தாயிற்று. அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, விண்வெளிக் கப்பல்ல எதுக்கு வயர் வச்ச போன்?" பேசாமல் பார் என்று சொல்லிவிட்டேன்.